ஆங்குலர் முகப்பை மேவன் பில்டுக்குள் தொகுக்க எந்த வழி ஏற்றது?

கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் மென்பொருள் எழுதித் தரும் எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்கு வரும் வேலைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பைக் கொண்டவை. மாங்கூழ் ஆலைக்கோ கிரானைட் பட்டறைக்கோ ஒரு வலைச் செயலி வேண்டும். அதன் பின்புலம் ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங் பூட்டிலும், பயனர் உலாவியில் காணும் முகப்பு ஆங்குலரிலும் எழுதப்படும். இரண்டும் சேர்ந்து ஒரே ஜார் கோப்பாக (ஜாவா செயலியைப் பொதிந்த கோப்பு) ஆலையின் அலுவலக அறையில் இருக்கும் கணினியில் ஓட வேண்டும். ஜாவா பகுதியை, ஜாவா திட்டங்களுக்கான பில்ட் கருவியான மேவன் தானே தொகுத்துவிடும். ஆங்குலர் பகுதியைத் தொகுக்க, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸும் பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம்மும் வேண்டும். இவ்விரண்டைப் பற்றியும் மேவனுக்கு ஒன்றும் தெரியாது. இந்த இடைவெளியை எதைக் கொண்டு இணைப்பது என்பதை ஒவ்வொரு புதிய திட்டத்தின் தொடக்கத்திலும் முடிவு செய்தாக வேண்டும்.

வழிகள் மூன்று. முதலாவது, ஃபிரண்ட்எண்ட் மேவன் பிளகின் என்ற செருகுநிரலை மேவனின் அமைப்புக் கோப்பான பாம் கோப்பில் சேர்த்து, நோட்.ஜேஎஸ்ஸைப் பதிவிறக்குவது முதல் ஆங்குலரைத் தொகுப்பது வரை அனைத்தையும் அதனிடமே ஒப்படைப்பது. இரண்டாவது, எக்ஸெக் மேவன் பிளகினைக் கொண்டு, கணினியில் ஏற்கெனவே நிறுவியிருக்கும் என்பிஎம்மை மேவன் வழியாக அழைப்பது. மூன்றாவது, முகப்பை மேவனிடமிருந்து முற்றிலும் பிரித்துத் தனியே தொகுப்பது. எழுதியவரின் கணினியில் மூன்றும் சிரமமின்றி ஓடும் என்பதால், எது எளிது என்று கேட்பதில் பயனில்லை. ஜாரை உருவாக்கும் கணினியில் நோட்.ஜேஎஸ்ஸின் எந்தப் பதிப்பு இருக்க வேண்டும் என்பதற்கு யார் பொறுப்பேற்கிறார்கள் என்பதே இந்த மூன்றையும் பிரித்துக் காட்டும் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நான் ஏன் இவ்வளவு இடம் தருகிறேன் என்பது மாங்காய்ப் பருவத்தை நினைத்தால் விளங்கும். பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும் வாரங்களில் ஆலைகள் இரவு பகலாக ஓடுகின்றன. எடைமேடைச் சீட்டில் கழிவுக் கணக்கு தவறாக அச்சாகிறது என்று ஆலையிலிருந்து அழைப்பு வரும்போது, வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கும். முகப்பை எழுதியவர் அன்று ஊரில் இல்லாமல் போகலாம். ஜாவா மட்டும் அறிந்த இன்னொருவர், நோட்.ஜேஎஸ் நிறுவப்படாத தன் மடிக்கணினியில், மூலக் கோப்புகளைச் சேமித்துவைக்கும் கிட்டிலிருந்து மூலத்தை எடுத்து, ஒரே கட்டளையில் சரியான ஜாரை உருவாக்கித் தர முடிய வேண்டும். என் ஒப்பீட்டின் அளவுகோல் இதுதான்.

முதல் வழியை விரிவாகப் பார்க்கலாம். ஃபிரண்ட்எண்ட் மேவன் பிளகினின் அடிப்படை அமைப்பில் மூன்று செயல்கள் வரிசையாக எழுதப்படும். முதல் செயல் ‘இன்ஸ்டால்-நோட்-அண்ட்-என்பிஎம்’ என்ற கோல் (செருகுநிரலின் ஒரு பணி). இதில் ‘நோட்வெர்ஷன்’ என்ற புலத்தில் பதிப்பு எண்ணைத் துல்லியமாக எழுத வேண்டும். அடுத்த இரண்டும் ‘என்பிஎம்’ என்ற கோலை அழைப்பவை: ஒன்றுக்கு ‘சிஐ’ என்றும் மற்றதற்கு ‘ரன் பில்ட்’ என்றும் ஆர்க்யுமென்ட் தரப்படும். மூன்றும் இயல்பாகவே ‘ஜெனரேட்-ரிசோர்சஸ்’ கட்டத்தில் ஓடும். ஒரே கட்டத்தில் இருக்கும் செயல்களை மேவன் பாம் கோப்பில் எழுதிய வரிசையிலேயே ஓட்டுவதால், இந்த மூன்றின் வரிசையை மாற்றி எழுதிவிடக் கூடாது. செருகுநிரல் பதிவிறக்கும் நோட்.ஜேஎஸ், திட்டத்தின் கோப்புறைக்குள் ‘நோட்’ என்ற உட்கோப்புறையில் அமரும். கணினியில் பொதுவாக நிறுவியிருக்கும் நோட்.ஜேஎஸ்ஸை அது தொடாது. அந்த உட்கோப்புறையைக் கிட்இக்னோர் கோப்பில் சேர்த்துவிட வேண்டும்.

இந்தச் செருகுநிரல் முகப்பு எழுதுபவரின் நோட்.ஜேஎஸ்ஸுக்கு மாற்று அன்று. அவர் தன் கணினியில் நோட்.ஜேஎஸ்ஸை நிறுவிக்கொண்டு, ‘என்ஜி சர்வ்’ கட்டளையை 4200 என்ற போர்ட்டில் ஓட்டி, பிராக்ஸி அமைப்பின் வழியாக 8080 போர்ட்டில் இருக்கும் ஸ்பிரிங் பூட்டுடன் பேசவைத்துத்தான் அன்றாட வேலையைச் செய்வார். செருகுநிரலின் பயன் மற்றவர்களுக்கு. பின்புலம் எழுதுபவரும், பில்ட் சர்வரும், நாளை பர்கூர் பொறியியல் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவரும் நோட்.ஜேஎஸ் என்ற பெயரைக்கூட அறியாமல் முழு பில்டையும் ஓட்ட முடியும்.

‘என்பிஎம் சிஐ’ என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆர்க்யுமென்ட் எதுவும் தராவிட்டால் இச்செருகுநிரல் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்பதையே ஓட்டும், தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசனும் அவற்றின் துல்லியமான பதிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பும் ஒத்துப்போகாதபோது அது லாக் கோப்பை அமைதியாக மாற்றி எழுதிவிடக்கூடும். 2018இல் வந்த ‘என்பிஎம் சிஐ’ அப்படிச் செய்வதில்லை. இரண்டும் பொருந்தாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். பொருந்தினால், பேக்கேஜ்கள் நிறுவப்படும் நோட்_மாட்யூல்ஸ் கோப்புறையை முழுவதுமாக அழித்துவிட்டு, லாக் கோப்பில் எழுதியிருக்கும் பதிப்புகளை மட்டுமே நிறுவும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் ஜார் எப்போதும் இந்த வழியில்தான் உருவாக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் அந்த உறுதிக்குக் கொடுக்கும் விலையும் இங்கேதான் இருக்கிறது. ஜாவாவில் ஒரு வரியை மாற்றிவிட்டு ‘மேவன் பேக்கேஜ்’ ஓட்டினாலும், நோட்_மாட்யூல்ஸ் அழிந்து, மீண்டும் நிறுவப்பட்டு, ஆங்குலர் முழுவதும் மறுபடி தொகுக்கப்படும். முகப்பில் எதுவும் மாறவில்லை என்று கட்டளை வரியில் ஓடும் இந்தச் செருகுநிரல் தானாகக் கண்டுகொள்ளாது. ‘ஸ்கிப்.என்பிஎம்’ என்ற பண்பைக் கட்டளையில் கொடுத்து என்பிஎம் படிகளைத் தவிர்க்கலாம். ஆனால் அவசரத்தில் அதைக் கொடுத்து உருவாக்கிய ஜாரில் பழைய முகப்போ வெற்று முகப்போ போய்ச் சேரும் அபாயம் உண்டு. ஆகவே அந்தப் பண்பை நம்புவதைவிட, திட்டத்தை முகப்பு, பின்புலம் என இரண்டு மேவன் மாட்யூல்களாகப் பிரிப்பதையே நான் பரிந்துரைப்பேன். அப்போது பின்புலத்தை மட்டும் தொகுக்க விரும்புபவர் ‘-பிஎல்’ என்ற தேர்வைக் கொடுத்தால் போதும். முன்பே நிறுவப்பட்ட முகப்பு ஜாரை மேவன் தன் உள்ளகக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.

மாட்யூலாகப் பிரிப்பதால் இன்னொரு பழைய சிக்கலும் தீர்கிறது. ஆங்குலர் தொகுத்த கோப்புகளைப் பின்புலத்தின் ‘எஸ்ஆர்சி/மெயின்/ரிசோர்சஸ்/ஸ்டாட்டிக்’ கோப்புறையில் நேராக எழுதும் வழக்கம் பல திட்டங்களில் உள்ளது. உருவாக்கப்பட்ட கோப்புகள் அங்கே மூலக் கோப்புகளோடு கலந்து கிட்டுக்குள் நுழைந்துவிடுகின்றன. சிலர் அதைத் தவிர்க்க, ரிசோர்சஸ் செருகுநிரலைக் கொண்டு, ஆங்குலர் தன் விளைவை எழுதும் ‘டிஸ்ட்’ கோப்புறையிலிருந்து ‘டார்கெட்/கிளாசஸ்/ஸ்டாட்டிக்’ கோப்புறைக்குப் பிரதி எடுக்கிறார்கள். ஆங்குலர் தன் கோப்புப் பெயர்களில் ஹாஷ் எண்ணைச் சேர்ப்பதால், உள்ளடக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் பெயரும் மாறுகிறது; பழைய விளைவுகளை அழிக்கும் ‘கிளீன்’ செய்யாமல் தொடர்ந்து பில்ட் ஓட்டினால் பழைய மெயின் கோப்புகள் அனைத்தும் டார்கெட்டில் குவிந்து, ஜாருக்குள்ளும் போய்ச் சேர்கின்றன. முகப்பைத் தனி மாட்யூலாக்கி, அதன் ‘டிஸ்ட்’ கோப்புறையை ‘மெட்டா-இன்ஃப்/ரிசோர்சஸ்’ என்ற இடத்தில் வைத்து ஒரு ஜாராகக் கட்டினால், ஸ்பிரிங் பூட் அந்த இடத்திலிருந்து கோப்புகளை எடுத்துத் தருவதால் பின்புலத்தின் மூலக் கோப்புறையைத் தொடவே வேண்டியதில்லை. முகப்பு மாட்யூல் சிறியது. அதை ஒவ்வொரு முறையும் ‘கிளீன்’ செய்வதில் இழப்பும் இல்லை.

2023 நவம்பரில் வந்த ஆங்குலர் 17, எஸ்பில்ட் என்ற தொகுப்புக் கருவியை அடிப்படையாகக் கொண்ட புதிய பில்டரைப் புதுத் திட்டங்களுக்கு இயல்பாக்கியது. அதில் தொகுத்த கோப்புகள் டிஸ்ட்டுக்குள் திட்டத்தின் பெயருள்ள கோப்புறைக்கும் உள்ளே ‘பிரவுசர்’ என்ற இன்னொரு கோப்புறையில் அமர்கின்றன. பழைய பாதையையே பாம் கோப்பில் வைத்திருப்பவருக்கு மேவன் எந்தப் பிழையும் காட்டாது, ஜாரும் உருவாகும், முகவரியைத் திறந்தால்தான் பக்கம் இல்லை என்ற 404 பிழை வரும். ஜாரைத் திறந்து இண்டெக்ஸ் கோப்பு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தால் காரணம் உடனே தெரிந்துவிடும். பாம் கோப்பின் பாதையில் ‘பிரவுசர்’ என்பதைச் சேர்க்கலாம், அல்லது ஆங்குலர்.ஜேசனில் ‘அவுட்புட்பாத்’ என்பதை ஒரு பொருளாக விரித்து, அதன் ‘பிரவுசர்’ புலத்தை வெற்றாக விடலாம். பின்னதே நல்லது, ஏனெனில் எந்தப் பாதைக்கு எழுதுவது என்ற முடிவு ஆங்குலரின் அமைப்பிலேயே ஒரே இடத்தில் தங்கிவிடும்.

இரண்டாவது வழியான எக்ஸெக் மேவன் பிளகின், எந்த வெளி நிரலையும் மேவனுக்குள்ளிருந்து ஓட்டும் பொதுவான கருவி. இதன் ‘எக்ஸெக்’ கோலுக்கு இயல்பான கட்டம் எதுவும் இல்லாததால், ‘ஜெனரேட்-ரிசோர்சஸ்’ என்று நாமே எழுத வேண்டும். ‘எக்ஸிக்யூட்டபிள்’ என்ற இடத்தில் என்பிஎம்மையும், ஆர்க்யுமென்ட்களாக ‘ரன்’, ‘பில்ட்’ என்பவற்றையும் தர வேண்டும். அமைப்பு அவ்வளவுதான். பதிவிறக்கம் இல்லை, ‘நோட்’ கோப்புறை இல்லை, முகப்பு எழுதுபவர் அன்றாடம் பயன்படுத்தும் அதே நோட்.ஜேஎஸ் பில்டிலும் ஓடுகிறது. விண்டோஸில் என்பிஎம் என்பது ‘என்பிஎம்.சிஎம்டி’ என்ற கோப்பு. அதற்காகவே விண்டோஸுக்கு ஒரு புரொஃபைலும் லினக்ஸுக்கு ஒரு புரொஃபைலும் எழுதிவைத்த பழைய பாம் கோப்புகளை இன்றும் காணலாம்.

இதன் பலவீனம் என் அளவுகோலில் நேராகத் தெரிகிறது. பில்டின் விளைவு, அதை ஓட்டும் கணினியைச் சார்ந்துவிடுகிறது. இது வெறும் கோட்பாட்டு அச்சம் இல்லை என்பதற்கு 2021 அக்டோபரில் வந்த நோட்.ஜேஎஸ் 17 நல்ல சான்று. அந்தப் பதிப்பு மறையாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லின் 3ஆம் பதிப்புக்கு மாறியது; தொகுப்புக் கருவியான வெப்பேக் 4 தன் ஹாஷ் கணக்கீட்டுக்குப் பயன்படுத்திய பழைய முறையைப் புதிய ஓபன்எஸ்எஸ்எல் ஏற்க மறுத்தது. வெப்பேக் 4இன் மேல் நின்ற பழைய ஆங்குலர் திட்டங்கள், ஒரு வரிகூட மாறாமல், நோட்.ஜேஎஸ்ஸைப் புதுப்பித்த கணினியில் மட்டும் தொகுக்க மறுத்தன. அருகிலிருந்த மேசையில் அதே மூலம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். பாம் கோப்பில் பதிப்பு எண்ணைப் பூட்டிவைத்த திட்டங்களை இது தொடவே இல்லை. இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை: ஆங்குலர் 17 நோட்.ஜேஎஸ் 18ஐயும் 20ஐயும் ஏற்றது. ஆங்குலர் 20, 18ஐக் கைவிட்டு, 20இல் 20.19க்கும் 22இல் 22.12க்கும் குறையாத பதிப்பைக் கேட்கிறது. ஆலை ஒன்றுக்கு ஓர் ஆங்குலர் பதிப்பு என்று மூன்று நான்கு திட்டங்களைப் பராமரிக்கும் அலுவலகத்தில், கணினிக்கு ஒரே நோட்.ஜேஎஸ் என்ற ஏற்பாடு தாங்காது.

இந்த வழியையே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் ஒரு தடுப்பையாவது போட்டுக்கொள்ள வேண்டும். பேக்கேஜ்.ஜேசனில் ‘என்ஜின்ஸ்’ என்ற புலத்தில் ஏற்கும் நோட்.ஜேஎஸ் பதிப்புகளை எழுதி, திட்டத்தின் என்பிஎம்ஆர்சி கோப்பில் ‘என்ஜின்-ஸ்ட்ரிக்ட்’ என்பதை இயக்கிவிட்டால், பொருந்தாத பதிப்பில் என்பிஎம் நிறுவ மறுத்துப் பில்டை நிறுத்திவிடும். தவறான ஜார் உருவாவதைவிடப் பில்ட் நிற்பது எவ்வளவோ மேல். ஆயினும் நின்ற பில்டை யார் சரிசெய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. நான் சொன்ன அந்த ஜாவா மட்டும் அறிந்தவர், இரவில் லாரிகள் நிற்கும் நேரத்தில், நோட்.ஜேஎஸ் பதிப்புகளை மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இணைய இணைப்பு குறித்து இரு வழிகளையும் தனியே ஒப்பிட வேண்டும், ஏனெனில் நம் பகுதியில் இது சிறிய விஷயம் அல்ல. ஃபிரண்ட்எண்ட் மேவன் பிளகின் பதிவிறக்கும் என்று கேட்டவுடன், ஒவ்வொரு பில்டிலும் பதிவிறக்குமோ என்று தயங்குவோர் உண்டு. அப்படியில்லை. கேட்ட பதிப்பு ஏற்கெனவே இருந்தால் அந்தப் படியைக் கடந்துவிடும். ‘நோட்’ கோப்புறையை அழித்தாலும், பதிவிறக்கிய கோப்பின் பிரதியை மேவனின் உள்ளகக் களஞ்சியத்தில் வைத்திருப்பதால், அதே கணினியில் இன்னொரு திட்டம் அதே பதிப்பைக் கேட்கும்போது அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். அலுவலகத்துக்குள்ளேயே ஒரு பிரதிக் களஞ்சியம் வைத்திருப்பவர்கள், நோட்.ஜேஎஸ்ஸைப் பதிவிறக்கும் முகவரியையும் என்பிஎம் பதிவகத்தின் முகவரியையும் செருகுநிரலின் அமைப்பிலேயே மாற்றலாம். மேவனின் செட்டிங்ஸ் கோப்பில் எழுதிய பிராக்ஸியையும் அது மதிக்கிறது. எக்ஸெக் வழியில் இவற்றையெல்லாம் என்பிஎம்மின் அமைப்பில் தனியே எழுத வேண்டும். எந்த வழியானாலும் வெர்டாச்சியோ போன்ற ஓர் எளிய என்பிஎம் பிரதிக் களஞ்சியத்தை அலுவலகக் கணினி ஒன்றில் ஓட்டுவது செலவில்லாத நன்மை. ‘என்பிஎம் சிஐ’ மறுபடி மறுபடி நிறுவும் சுமை பெருமளவு உள்வலைக்குள்ளேயே முடிந்துவிடும்.

இணைப்பு மெதுவாக இருக்கிறது என்பதற்காக நோட்_மாட்யூல்ஸ் கோப்புறையைப் பென்டிரைவில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச்செல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைக் கைவிட வேண்டும். புதிய ஆங்குலர் பயன்படுத்தும் எஸ்பில்ட், ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனி இருமக் கோப்பைக் கொண்டது. விண்டோஸில் நிறுவியதை லினக்ஸ் கணினியில் கொண்டுவந்து வைத்தால், வேறொரு தளத்துக்கான எஸ்பில்டை நிறுவியிருக்கிறீர்கள் என்று சொல்லிப் பில்ட் நின்றுவிடும்.

தமிழ் முகப்புகளில் மட்டும் அடிக்கடி தலைகாட்டும் ஒரு சிக்கலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கூகுள் ஃபாண்ட்ஸ் இணைப்பாக இண்டெக்ஸ் கோப்பில் சேர்த்திருந்தால், ஆங்குலரின் புரொடக்ஷன் பில்ட் அந்த இணைப்பின் பாணித்தாளை எடுத்து உள்ளே பதிக்க முயலும். இணையம் அப்போது இல்லையென்றால் எழுத்துருவைப் பதிக்க முடியவில்லை என்று ஆங்குலர் பிழை காட்டும், நோட்.ஜேஎஸ்ஸும் பேக்கேஜ்களும் எல்லாம் கையில் இருந்தும் மேவன் பில்ட் தோற்கும். ஆங்குலர்.ஜேசனில் எழுத்துரு பதிப்பதை நிறுத்திவிட்டு, எழுத்துருக் கோப்புகளைத் திட்டத்துக்குள்ளேயே வைப்பதுதான் தீர்வு. இணையம் இல்லாத ஆலைக் கணினியில் எடைச்சீட்டு நாம் அமைத்த எழுத்துருவிலேயே தெரிய வேண்டுமென்றால் இதை எப்படியும் செய்துதான் ஆக வேண்டும்.

மூன்றாவது வழியில், முகப்பைத் தொகுக்கும் வேலை மேவனின் பாம் கோப்பிலேயே இருக்காது. செயலியை அதன் சூழலோடு சேர்த்துப் பொதியும் டாக்கரின் பலகட்ட பில்டில் முதல் கட்டம் நோட்.ஜேஎஸ் இமேஜில் ஆங்குலரைத் தொகுக்கும். அடுத்த கட்டம் மேவனில் ஜாரைக் கட்டும். இல்லையென்றால் தொகுத்த முகப்பை என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையகம் தனியே வழங்கும். நோட்.ஜேஎஸ் பதிப்பு டாக்கர் கோப்பில் பூட்டப்படுவதால், என் முதன்மைக் கேள்விக்கு இது முழுமையான விடை தருகிறது. முகப்பில் மாற்றம் இல்லையென்றால் டாக்கர் அந்தப் படிகளைத் தன் நினைவிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்பதால், வேகத்தில் முதல் வழியை இது வெல்கிறது. ஓசூரில் பெரிய தொழிற்சாலைகளுக்காக வேலை செய்யும், முகப்புக்கும் பின்புலத்துக்கும் தனித்தனி ஆட்கள் இருக்கும் குழுக்களுக்கு இதுவே பொருந்தும்.

ஆனால் டாக்கர் நிறுவப்படாத, விண்டோஸ் ஓடும் ஓர் ஆலைக் கணினிக்கு ஒரே ஜாரைக் கொடுக்க வேண்டியவருக்கு இது கூடுதல் சுமை. முகப்பையும் பின்புலத்தையும் இரண்டு தனிப் பொருள்களாக நிறுவினால், ஒன்று புதிதாகவும் மற்றது பழையதாகவும் நின்றுவிடும் நிலைக்கும் இடம் கொடுக்கிறோம். புதுப்பிக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் இது நடக்கும். ஒரே ஜாரில் இரண்டும் இருந்தால், பழைய ஜாரை மறுபடி ஓட்டுவதே முழுமையான பின்வாங்கல். அதற்கு ஈடாக, உள்பக்க முகவரி ஒன்றை உலாவியில் புதுப்பித்தால் 404 வராமல் இண்டெக்ஸ் கோப்புக்குத் திருப்பிவிடும் சிறு நிரலை ஸ்பிரிங்கில் நாம் எழுத வேண்டும்; என்ஜின்எக்ஸில் அது ‘டிரை_ஃபைல்ஸ்’ என்ற ஒரே வரி.

மேவனை விட்டு, இன்னொரு பில்ட் கருவியான கிரேடிலுக்கு மாறலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரேடிலின் நோட் செருகுநிரலும் பதிப்பைப் பூட்டி நோட்.ஜேஎஸ்ஸைப் பதிவிறக்கித் தரும். அதோடு, உள்ளீட்டுக் கோப்புறைகளையும் வெளியீட்டுக் கோப்புறையையும் அறிவித்துவிட்டால், முகப்பு மாறாதபோது அந்தப் பணியைக் கிரேடில் தானே கடந்துவிடும். மேவனில் நமக்கு இல்லாத வசதி இது. புதிதாகத் தொடங்கும் திட்டமென்றால், குழுவில் கிரேடில் அறிந்தவர் இருந்தால், யோசிக்கத் தக்கது. ஓடிக்கொண்டிருக்கும் மேவன் திட்டத்தை இதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை.

ஆகவே ஒரே ஜார், சிறிய குழு, பல ஆலைகள் என்ற எங்கள் நிலைக்கு நான் ஃபிரண்ட்எண்ட் மேவன் பிளகினையே தேர்கிறேன். ஆனால் முகப்பைத் தனி மாட்யூலில் வைத்து, நோட்.ஜேஎஸ் பதிப்பைப் பெற்றோர் பாம் கோப்பில் ஒரு பண்பாக எழுதி, ‘என்பிஎம் சிஐ’யோடு மட்டுமே. தொகுக்கும்போது நினைவகம் போதவில்லை என்று நோட்.ஜேஎஸ் நின்றால், ‘நோட்_ஆப்ஷன்ஸ்’ என்ற சூழல் மாறியில் ‘மேக்ஸ்-ஓல்ட்-ஸ்பேஸ்-சைஸ்’ அளவைக் கூட்டி, அதையும் செருகுநிரலின் சூழல் மாறிகள் பகுதியிலேயே எழுத வேண்டும். ஒருவரின் கணினி அமைப்பில் அதை ஒளித்துவைத்தால் எக்ஸெக் வழியின் குறையை நாமே திரும்ப அழைத்துக்கொண்டவர்களாவோம். தொகுத்த கோப்புகளின் அளவு ஆங்குலரில் அமைத்த வரம்பை மீறினால் பில்ட் தோற்பதையும் மாற்றாதீர்கள். மெதுவான இணைப்பில் முகப்பைத் திறக்கும் கொள்முதல் நிலைய ஊழியருக்காக அந்த வரம்பு அங்கே இருக்கிறது.

எக்ஸெக் வழியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய திட்டத்தை மாற்ற விரும்புபவர், இப்போது சரியாக ஓடும் கணினியில் நோட்.ஜேஎஸ்ஸின் பதிப்பைக் கேட்டு, அதே எண்ணை முதலில் ‘நோட்வெர்ஷன்’ புலத்தில் எழுதட்டும். ஆங்குலரை உயர்த்துவதும் நோட்.ஜேஎஸ்ஸை உயர்த்துவதும் அதற்குப் பின், மாங்காய்ப் பருவம் முடிந்த மாதங்களில், தனித்தனிக் கமிட்டுகளாக நடக்கட்டும்.